ப்ளக்-இன் ஹைப்ரிடா, மின்காரா? டெல்டாவில் தினம் வேலைக்குப் போய்வருபவர்களுக்கு

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் ஊரோடு வந்துவிடப் போகிறான். கும்பகோணத்தில் குடியிருந்துகொண்டு தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்வருவதாகத் திட்டம். போன மாதம் போன் செய்தான். "மாமா, ப்ளக்-இன் ஹைப்ரிட் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கரண்ட்லயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும். பிரச்சினையே இல்ல." கூழும் குடிக்கலாம், மீசையிலும் ஒட்டாது என்கிற மாதிரி இருந்தது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "ராத்திரி வண்டி எங்கடா நிக்கும்?" மறுமுனையில் சத்தமே இல்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் எந்த ஷோரூமுக்கும் போக வேண்டாம். நான் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்கு மின்காரில் போய்வருகிறேன். போகவர ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். அவனுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் சேர்த்து, புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

நம் ஊர் ஷோரூம்களில் 'ஹைப்ரிட்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வண்டிகள் ஒளிந்திருக்கின்றன.

மைல்ட் ஹைப்ரிட் என்பது பெட்ரோல் கார்தான். ஒரு சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவே. கரண்டில் மட்டும் பத்தடிகூட நகராது. ஸ்ட்ராங் ஹைப்ரிட் அதற்கு ஒரு படி மேல். டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி இவற்றில் வரும் ஹைப்ரிட் மாடல்கள் இந்த வகை. மெதுவாகப் போகும்போதும் நெரிசலிலும் மோட்டாரிலேயே ஓடும். ஆனால் ஹைரைடரின் பேட்டரியில் ஒரு யூனிட் கரண்ட்கூடப் பிடிக்காது. பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் அதுவே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து ஏற்ற வழி கிடையாது.

ப்ளக்-இன் ஹைப்ரிட் வேறு சாதி. அதில் பெரிய பேட்டரி இருக்கும், பெரும்பாலும் 15 முதல் 25 யூனிட் வரை. வீட்டு சாக்கெட்டில் செருகி ஏற்றினால் ஐம்பது, அறுபது, சிலவற்றில் எண்பது கிலோமீட்டர் வரை பெட்ரோல் இல்லாமல் ஓடும். அது தீர்ந்ததும் எஞ்சின் எழுந்துகொள்ளும். 2008-இல் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் எஃப்3டி.எம். என்ற காரையும், 2010-இல் அமெரிக்காவில் செவர்லே வோல்ட்டையும் விற்க ஆரம்பித்ததிலிருந்து இந்த வகை பரவியது.

மின்காரில் எஞ்சினே இல்லை. பேட்டரி, மோட்டார், அவ்வளவுதான்.

ஷோரூமில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்ரோல் மூடியைத் தவிர இன்னொரு மூடி இருக்கிறதா என்று வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள். என் நண்பர் ஒருவர் 'ஹைப்ரிட்' என்று எழுதியிருந்ததை நம்பி ஒரு மைல்ட் ஹைப்ரிட் வாங்கி வந்துவிட்டு, சார்ஜ் போடும் ஓட்டை எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். விற்ற இடத்தில் கேட்டால், "சார், இது தானா சார்ஜ் ஆகுற டெக்னாலஜி" என்று சமாளித்துவிட்டார்களாம்.

இன்னொரு கசப்பான விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ப்ளக்-இன் ஹைப்ரிட் என்று கடைக்கு வந்தவை பெரும்பாலும் கோடீஸ்வரர் வண்டிகள். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்.எம். 2022 டிசம்பரில் இங்கே வந்தபோது ஷோரூம் விலையே 2 கோடியே 60 லட்சம். வெளிநாட்டில் பார்த்த வண்டியை இங்கே அதே கணக்கில் தேடினால் கிடைக்காது. அதனால் சம்பளக்காரர் நடைமுறையில் முடிவுசெய்ய வேண்டியது மின்காரா, ஸ்ட்ராங் ஹைப்ரிடா என்றுதான். ஆனாலும் ப்ளக்-இன் கணக்கையும் சேர்த்தே போடுகிறேன். நாளைக்குப் பதினைந்து இருபது லட்சத்தில் ஒன்று வந்து நின்றால் அதை எப்படி எடைபோடுவது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

ராத்திரி வண்டி நிற்கும் இடம்

உங்கள் பெயரில் அல்லது உங்கள் வீட்டாரின் பெயரில் ஈ.பி. கார்டு இருக்கும் வீடு (வாடகை என்றால் வீட்டுக்காரரின் சம்மதம்), காம்பவுண்டுக்குள் வண்டி நிற்கும் இடம், அங்கிருந்து எட்டும் தூரத்தில் ஒரு சாக்கெட். மூன்றும் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் பழைய தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். திண்ணை இருக்கும், ரேழி இருக்கும், கார் நுழைய இடம் இருக்காது. வண்டி கோயில் மதிலோரமோ குளக்கரையிலோ நிற்கும். மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கவிட்டுச் சார்ஜ் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். நாலைந்து மணி நேரம் தொடர்ந்து 15 ஆம்பியர் இழுக்கும் வேலை இது. இஸ்திரிப் பெட்டி போல அரை மணியில் முடிவதல்ல. எக்ஸ்டென்ஷன் பெட்டி உருகும். மழை பெய்தால் அதைவிட ஆபத்து.

செருக இடம் இல்லாதவருக்கு ப்ளக்-இன் ஹைப்ரிடும் வேண்டாம், மின்காரும் வேண்டாம். மின்காரையாவது வாரம் இருமுறை பாஸ்ட் சார்ஜரில் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. ப்ளக்-இன் ஹைப்ரிடில் பல மாடல்களுக்கு அந்த வசதியே கிடையாது. செருகாமல் ஓட்டினால் பெரிய பேட்டரி என்ற பாறாங்கல்லைச் சுமந்துகொண்டு ஓடும் பெட்ரோல் கார்தான் அது. இது என் ஊகம் இல்லை. சாலையில் ஓடும் கார்களிலிருந்தே எரிபொருள் கணக்கைத் திரட்டி 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் அறிக்கை வெளியிட்டது. ப்ளக்-இன் ஹைப்ரிடுகள் கக்கும் கார்பன் டை ஆக்சைடு ஆய்வகக் கணக்கைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு என்று அதில் வந்தது. முக்கியமான காரணம், வாங்கியவர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் போடவில்லை என்பதுதான். ஐரோப்பாவிலேயே அந்த நிலை. நமக்கு மதிலோரத்தில் நிறுத்திவிட்டு எப்படி முடியும்?

அலுவலகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. மயிலாடுதுறை, கும்பகோணம், பாபநாசம், தஞ்சாவூர், திருச்சி எல்லாம் ஒரே லைன். சீசன் டிக்கெட்டை எந்தக் காரும் ஜெயிக்க முடியாது. கார் கட்டுரையில் இதைச் சொல்லக் கூடாதுதான்.

இரண்டு வாரம் நோட்டுப் போடுங்கள்

"தினம் எண்பது கிலோமீட்டர்" என்று சொல்பவரிடம் நோட்டு எழுதச் சொன்னால் ஐம்பத்தைந்து வரும். "வீடு டு ஆபீஸ், அவ்வளவுதான்" என்பவருக்கு எழுபது வரும். பையனை டியூஷனில் விடுவது, மாமியாரை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, வைகாசி முகூர்த்தத்தில் ஒரே நாளில் மூன்று கல்யாணத்துக்குத் தலைகாட்டுவது, இதெல்லாம் மனக்கணக்கில் வராது. இப்போது ஓட்டும் பைக்கிலோ காரிலோ காலையும் இரவும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். இரண்டு வாரம் போதும்.

அதில் இரண்டு எண்கள் வேண்டும். வழக்கமான நாளின் கிலோமீட்டர் ஒன்று. வருஷத்தில் எத்தனை முறை ஒரே நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறீர்கள் என்பது இன்னொன்று.

நம் பூமி மின்காருக்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. மேடு பள்ளம் இல்லாத சமதளம். ஊர்கள் நெருக்கம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர், திருச்சி ஐம்பத்தைந்து சொச்சம், திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் 25. தாராசுரம், பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகப் பழைய சாலையில் போனால் ஐம்பதைத் தாண்டி மிதிக்கவே முடியாது. வேகத்தடை, ஆடு, பள்ளிக்கூடம், எதிரே கரும்பு டிராக்டர். பெட்ரோல் காருக்கு இது மைலேஜைக் கொல்லும் சாலை. மின்காருக்கோ தலைகீழ். காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் கரண்டைத் திருப்பிக் கொடுக்கும். அதே கார் நான்குவழிச் சாலையில் நூறில் பறந்தால் ரேஞ்ச், அதாவது ஒருமுறை நிரப்பினால் ஓடும் தூரம், மளமளவென்று இறங்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதுதான் காரணம். சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டால் ரேஞ்ச் பாதியாகிவிடும் என்பது வதந்தி. ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் தின்னும். ஒரு மணி நேரப் பயணத்தில் ஆறிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் குறையும்.

பணக் கணக்கு

அக்கா மகனின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். போகவர 80 கிலோமீட்டர். மாதம் 24 நாள். ஈ.பி. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் நாமும் இரண்டு மாதத்துக்கே போடுவோம். மொத்தம் 3,840 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், பெருக்குவதற்கு வசதி.

சாதாரணப் பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தால் 240 லிட்டர், 24,000 ரூபாய். ஸ்ட்ராங் ஹைப்ரிட் 22 கொடுத்தால் 175 லிட்டர், 17,500 ரூபாய்.

மின்கார். சுவர் சாக்கெட்டிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று எடுங்கள். வண்டியின் திரையில் ஏழு என்று காட்டும். ஏற்றும்போது சூடாக வீணாவது அதில் சேராது. 640 யூனிட் வரும். இப்போதுதான் நம் ஊர் விஷயம் குறுக்கே வருகிறது. வீட்டுக்கு ஏற்கெனவே 400 யூனிட் ஓடுகிறது என்றால் கார் சேர்ந்ததும் ஆயிரத்தைத் தாண்டும். 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி, குறைந்த விலையில் கிடைத்த யூனிட்டுகளும் விலை ஏறும் என்பது வீட்டில் பில் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் 'யூனிட் அஞ்சு ரூபாய்தானே' என்று விற்பனையாளர் போடும் கணக்கை நம்பாதீர்கள். காருக்காகக் கூடும் ஒவ்வொரு யூனிட்டும் கிட்டத்தட்ட 10 ரூபாய் என்றே வையுங்கள். 6,400 ரூபாய். அப்படியும் பெட்ரோலில் கால் பங்கு சொச்சம்தான்.

ப்ளக்-இன் ஹைப்ரிட். தினம் இரவு ஒழுங்காகச் செருகி, கரண்டில் 60 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைப்போம். இந்த வண்டி கனமானது, யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் போதும். தினம் 12 யூனிட், 48 நாளுக்கு 576 யூனிட், 5,760 ரூபாய். மீதி 20 கிலோமீட்டர் பெட்ரோலில். மொத்தம் 960 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 15 வைத்தால் 64 லிட்டர், 6,400 ரூபாய். கூட்டினால் 12,160. செருகவே செருகாமல் ஓட்டினால் 25,000 ரூபாயைத் தாண்டும், சாதாரணப் பெட்ரோல் காரைவிட அதிகம்.

ஆக, வேலைக்குப் போய்வரும் தூரம் ப்ளக்-இன் வண்டியின் கரண்ட் தூரத்துக்குள் அடங்கினால் அது மின்கார் மாதிரியே நடந்துகொள்ளும். அப்படி அடங்குகிறவருக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அடங்காதவருக்குப் பேட்டரி எதற்கு என்று தோன்றும். நடுவில் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது: தினம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர், ஆனால் மாதம் இரண்டு மூன்று தடவை நெடும்பயணம், வீட்டில் வேறு கார் இல்லை. ப்ளக்-இன் ஹைப்ரிட் அவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

பேட்டரி தேய்மானத்தையும் யோசிக்க வேண்டும். 300 கிலோமீட்டர் ஓடும் மின்காரில் தினம் 80 ஓட்டினால் பேட்டரியில் கால்வாசிதான் காலியாகி நிரம்பும். ப்ளக்-இன் வண்டியின் சின்ன பேட்டரியோ தினமும் அடிவரை வற்றி, மறுபடி நிரம்பும். சின்ன மாட்டை எட்டு மணி நேரம் ஏரில் பூட்டுவது போல. அத்தோடு எஞ்சின் ஆயில், பில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் இருக்கும். பெட்ரோலை மாதக்கணக்கில் தொடாமல் டேங்கிலேயே கிடப்பில் போடவும் கூடாது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை உறிஞ்சும். சில வண்டிகள் பழைய பெட்ரோலைத் தீர்ப்பதற்காகத் தாமாகவே எஞ்சினைக் கிளப்பிக்கொள்ளும்.

வீட்டு மாடியில் சோலார் போடும் யோசனை இருந்தால், மின்கார்க் கணக்கு இன்னும் அழகாகும். 3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். 80 கிலோமீட்டருக்குத் தேவை 13. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வைத்தார்கள்.

ஒயரிங், ஈ.பி.

கார் புக் பண்ணுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டெலிவரி எடுத்து வந்து நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம், நானும் அதே தப்பைச் செய்தேன். முதல் வாரம் சமையலறை கிரைண்டர் சாக்கெட்டிலிருந்து ஒயர் இழுத்து ஓட்டினோம். மூன்றாம் நாள் இரவு பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. பிடுங்கிப் பார்த்தேன், பிளக்கின் ஒரு கால் கறுத்திருந்தது. வீட்டம்மாள் அன்றோடு கிரைண்டர் பக்கம் கார் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

செய்ய வேண்டியது இதுதான். மெயின் பெட்டியிலிருந்து போர்ட்டிகோவுக்குத் தனி லைன். 4 ஸ்கொயர் செம்பு ஒயர். 16 ஆம்பியர் நல்ல சாக்கெட், மழைச்சாரல் படாத மூடியோடு. அதற்கென்று தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்). அப்புறம் எர்த். பழைய வீடுகளில் எர்த் என்ற பெயரில் மண்ணில் ஒரு கம்பியைச் செருகி வைத்திருப்பார்கள். எர்த் சரியில்லை என்றால் காரின் சார்ஜர் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். கோடையில் மண் காய்ந்து வெடித்தால் எர்த் பலவீனமாகும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லி, மாதம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

சாதாரண சாக்கெட்டில் மணிக்கு 3 யூனிட் ஏறும். 13 யூனிட்டுக்கு நாலரை மணி நேரம். தினசரிப் பயணத்துக்கு இதுவே தாராளம். 7 கிலோவாட் சுவர் சார்ஜர் வேண்டும் என்றால் வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடைக் கூட்டி, மும்முனை இணைப்புக்கு மாற வேண்டி வரலாம். ஈ.பி. ஆபீசில் கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டு இணைப்பிலேயே சொந்தக் காருக்குச் சார்ஜ் போடலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதலே சொல்கிறது, அதில் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்று. கொல்லையில் மோட்டார் கொட்டகை இருக்கும், விவசாய இலவச மின்சாரம் வரும். "அதுல செருகிட்டா சும்மாதானே ஓடும்" என்று கேட்காத ஆள் இல்லை. அனுமதித்த வேலைக்கு அல்லாமல் வேறு வேலைக்கு மின்சாரம் எடுப்பது மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவில் சிக்கும். இரட்டிப்புக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். காசு போகட்டும், அப்பா பெயரில் இருக்கும் பம்புசெட் இணைப்புக்கே வில்லங்கம் வரும்.

குறுவை நேரத்தில் ஊரெல்லாம் மோட்டார் ஓடும். டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசியில் இருக்கும் வீட்டுக்கு வோல்டேஜ் அழுது வடியும். அந்த நேரத்தில் சார்ஜர் நின்று நின்று போகும். இரவு பதினொரு மணிக்கு மேல் ஆரம்பிக்கும்படி காரிலேயே நேரம் வைத்துவிடலாம். வெயிலில் ஓடி வந்த பேட்டரிக்கும் ஆற நேரம் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை

மின்கார் வாங்கப்போகிறேன் என்றதும் என் அப்பா கேட்ட கேள்வி: "கஜா மாதிரி வந்தா என்ன பண்ணுவ?" நியாயமான கேள்வி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயலுக்கு அப்புறம் நாகை, திருவாரூர், பட்டுக்கோட்டைப் பகுதிகளில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத கிராமங்கள் இருந்தன. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தெருவுக்குத் தெரு போய்த் தண்ணீர் தொட்டி நிரப்பினார்கள். செல்போன் சார்ஜ் போடக் காசு வாங்கினார்கள்.

அப்படி ஒரு நாளில் மின்கார் ஓடாது என்பது உண்மை. ஆனால் ஓடாத கார் வேறொரு வேலை செய்யும். காரிலிருந்து கரண்ட் வெளியே எடுக்கும் வசதி இப்போது பல மாடல்களில் வருகிறது. 25 யூனிட் மீதி இருக்கும் பேட்டரியில் இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு, செல்போன்கள், கொஞ்ச நேரம் தொட்டி மோட்டார் என்று நாளுக்கு 3 யூனிட் செலவழித்தால் ஒரு வாரம் தாண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே முழுக்க நிரப்பி மேடான இடத்தில் நிறுத்துங்கள். கரையோர ஊர்க்காரர், வீட்டில் இது ஒரே வண்டி, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி தூரம் என்றால் நான் மின்காரை வற்புறுத்த மாட்டேன். அவர்களுக்கு ஸ்ட்ராங் ஹைப்ரிட் போதும்.

தண்ணீர். பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி.67 தரம் என்று எழுதியிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்று சோதித்ததாகப் பொருள். அதற்காக வாய்க்கால் உடைத்து ஓடும் சாலையில் இறங்கிவிடாதீர்கள். ஓடுகிற வெள்ளம் எந்தக் காரையும் இழுத்துக்கொண்டு போகும். வெள்ளத்தில் நின்ற வண்டியைச் செருகாமல், சர்வீஸ் ஆட்களை வரவழையுங்கள். மின்காரைக் கயிறு கட்டி டிராக்டரில் இழுக்கவும் கூடாது. சக்கரம் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும். லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் எள்ளும் சாலையிலேயே காயும். செடியை நடுரோட்டில் பரப்பிவைத்து, வருகிற வண்டியெல்லாம் ஏறிப் போரடித்துக் கொடுக்கட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். எஞ்சின் உள்ள காரில் அடியில் சைலன்சர் பழுக்கக் காய்ந்திருக்கும். காய்ந்த செடி அதில் சிக்கினால் தீப்பிடிக்கலாம். ப்ளக்-இன் ஹைப்ரிடுக்கும் இதே கதிதான். மின்காரில் சூடான சைலன்சர் கிடையாது. ஆனால் அச்சில் சுற்றிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் குனிந்து பார்த்துப் பிடுங்கிவிடுங்கள்.

வயல் காய்ந்ததும் எலிகள் வீடு தேடி வரும். பானெட்டுக்குள் புகுந்து ஒயரைக் கடிக்கும். அவற்றுக்குப் பெட்ரோல் காரும் மின்காரும் ஒன்றுதான், ஒயர் செலவுதான் வேறு. ஆரஞ்சு நிற உயர் அழுத்த ஒயரில் பல் பதிந்திருந்தால் தெருமுனை மெக்கானிக்கைத் தொடவிடாதீர்கள்.

சென்னைக்குப் போகும் நாள்

தஞ்சாவூரிலிருந்து சென்னை 340 கிலோமீட்டர் வரும். 30 யூனிட் பேட்டரிக் காரில் வழியில் இரண்டு முறை நிறுத்த வேண்டும், 50 யூனிட் என்றால் ஒருமுறை. நிறுத்தம் ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், ஆள் வரிசையில் நின்றால் இன்னும் கூடும். திருச்சி வழியாகச் சுற்றிப்போகும் நெடுஞ்சாலையில் சார்ஜர்கள் நெருக்கம். கோடியக்கரைப் பக்கம் போனால் நம்பாமல் நிரப்பிக்கொண்டே போங்கள். ஆப்பில் பச்சையாகக் காட்டும் சார்ஜர் நேரில் செத்துக் கிடப்பது சகஜம். கடைசியாக யார், எப்போது ஏற்றினார்கள் என்று பார்த்துவிட்டு, அடுத்த சார்ஜர் எங்கே என்றும் தெரிந்துவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

எல்லா மின்காரும் பாஸ்ட் சார்ஜரில் ஏறாது. எம்.ஜி. காமெட்டுக்கு டி.சி. பாஸ்ட் சார்ஜ் கிடையாது. ஊருக்குள் ஓட்ட அருமையான வண்டி, சென்னைக்குக் கனவு காணக் கூடாது. வருஷத்துக்கு நாலைந்து முறைதான் நெடும்பயணம் என்றால் அன்றைக்கு ரயிலில் போங்கள், இல்லை வாடகைக் கார் எடுங்கள். அந்த நாலு நாளுக்காக எஞ்சினை வருஷம் முழுக்கச் சுமப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

காகிதங்கள்

மின்காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் ஹைப்ரிடுகளில் நாலு மீட்டருக்குள், 1200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் வண்டிகளுக்கு 18, மற்ற பெட்ரோல் ஹைப்ரிடுகளுக்கு 40. மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்காருக்கு 15 சதவீதமும் ஹைப்ரிடுக்கு ஏழரை சதவீதமும் தள்ளுபடி. சாலை வரிச் சலுகை நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள். மின்கார் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு உண்டு என்று இன்னும் சிலர் சொல்லி விற்கிறார்கள். அந்த 80இஇபி சலுகை 2023 மார்ச் 31 வரை ஒப்புதலான கடனுக்குத்தான்.

பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுப்பார்கள். எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். பேட்டரி எந்த வகை என்றும் கேளுங்கள். எல்.எஃப்.பி. என்றால் அவ்வப்போது முழுக்க 100 வரை ஏற்றலாம், ஏற்றவும் வேண்டும். என்.எம்.சி. என்றால் தினசரிக்கு 80-இல் நிறுத்துவது நல்லது.

டெஸ்ட் டிரைவ்

ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வருவது டெஸ்ட் டிரைவ் ஆகாது. மத்தியான வெயிலில், ஏ.சி. போட்டு, நீங்கள் தினம் போகும் சாலையில் முழுத் தூரம் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் ஏறட்டும். கிளம்பும்போதும் திரும்பும்போதும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்து ரேஞ்சைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்தச் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடலாம். முடிந்தால் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, சார்ஜ் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது, நேராக நிறுத்தினால் கேபிள் எட்டுமா, ரிவர்ஸில் நிறுத்த வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள்.

அக்கா மகன் போன வாரம் மறுபடி கூப்பிட்டான். கும்பகோணம் டவுனுக்குள் பார்த்த மாடி வீட்டை விட்டுவிட்டானாம். தாராசுரத்தில் போர்ட்டிகோ வைத்த வீடு ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறான். வீட்டுக்காரர் தனி லைன் இழுக்கச் சம்மதித்துவிட்டார், செலவு மட்டும் இவனுடையது. என்னை டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்துவரச் சொன்னான். அளந்தேன். தூணிலிருந்து காரின் சார்ஜ் மூடி வருகிற இடம் ஆறு மீட்டர், அவன் பார்த்து வைத்திருக்கும் காரோடு வரும் கேபிள் ஐந்து. எலக்ட்ரீஷியனிடம் சாக்கெட்டை இரண்டாவது தூணுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.